பேச்சும் செவியும் பேணுவோர்க்குப் பதிவு எதற்கு?

கல்விக்கு வாயில் செவி. திருக்குறளிற் கேள்விக்கெனத் தனி அதிகாரமே உண்டு. அவ்வாயில் பிறவியிலேயே அடைபட்ட குழந்தையின் நிலை யாது?

நிலாவெளி கடந்து வடக்கே செல்லும் வீதியிலுள்ள இறக்கக்கண்டியில், இரண்டரை வயதாகியும் பேசாத பிள்ளையொன்று இருப்பதாகக் கொள்வோம். "தகப்பனும் பிந்தித்தான் பேசினவர், பொறுங்கோ" என்று சுற்றத்தார் தேற்றுவர். ஆயின் மொழி வேரூன்றும் காலம் முதற் சில ஆண்டுகளே. முதலிற் செவியைச் சோதித்தல் வேண்டும். சோதிப்பவர் தகுதியற்றவராயின் குறை புலப்படாது போகலாம். அளவுக்கு மிஞ்சிய ஒலியுடன் கேட்கும் கருவியைப் பொருத்தின், எஞ்சிய கேள்வியும் கெடலாம். தச்சன் செய்த கதிரை ஆடினால் அன்றே அறிவோம். செவியிற் செய்த பிழையையோ ஆண்டுகள் கழிந்தபின்னரே அறிகின்றோம். பயன்பெறுவோர் தாமே தகுதியை அளந்தறிய முடியாத தொழில்களிற் சட்டம் தலையிடுவது இதனாலேயாம்.

இந்தியா 1992ஆம் ஆண்டில் இயற்றிய புனர்வாழ்வுக் கழகச் சட்டம் இதற்குத் தக்க சான்று. செவிப்புலவியலாளரும் பேச்சுச் சிகிச்சையாளரும் அதில் அடங்குவர். அங்கீகரித்த தகைமை பெற்றுப் பதிவேட்டிற் பெயர் சேர்த்தவரன்றிப் பிறர் அரசாங்கப் பதவி வகித்தலும், தொழில் புரிதலும், சட்டம் வேண்டும் சான்றிதழிற் கையொப்பமிடுதலும், நீதிமன்றில் நிபுணராகச் சாட்சி சொல்லுதலும் ஆகா. மீறுவோர்க்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும் உண்டு.

விதிவிலக்கு இல்லையோ எனின், உண்டு. சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலேயே தகைமை பெற்றிருந்தோர் ஆறு மாதம் வரை பதிவு பெற்றவராகவே கருதப்பட்டனர். அதற்குள் விண்ணப்பித்தோர்க்கு முடிவு கிடைக்கும் வரை அவ்வுரிமை நீடித்தது. அமெரிக்காவில் மாநிலந்தோறும் சட்டம் வேறு. மேற்பார்வையின் கீழ்ப் பயிலும் மாணவர்க்குப் பல மாநிலங்கள் விலக்களிக்கின்றன. தகுதி பெறும் வழியில் நிற்போர்க்கும் முன்னரே பெற்றோர்க்கும் வழி விடுவதே இவ்விலக்குகளின் கருத்து, தகுதியின்மைக்கு இடங்கொடுப்பதன்று.

நம் நாட்டில் இத்துறையினரின் பதிவு இலங்கை மருத்துவ சபையைச் சார்ந்தது. ராகமையிலுள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் பேச்சு, செவிப்புல விஞ்ஞானத்திற் பட்டம் வழங்குகின்றது.

எனினும், பதிவேடு தகைமைக்குச் சான்றாகுமேயன்றி மொழியறிவுக்குச் சான்றாகாது. நம்மவர் பலர் வாழைப்பழத்தை இயல்பாகவே "வாளைப்பளம்" என்பர். இது வட்டார வழக்கோ, குழந்தையின் நாக்குறையோ என்பதைத் தமிழ் வழங்கும் வீட்டில் வளர்ந்தவரே எளிதிற் பகுத்துணர்வர். தமிழில் இச்சிகிச்சை அளிக்க வல்லார் நம்மிடையே மிகச் சிலரே.

ஆகவே பெற்றோர்க்கு யாம் கூறுவது: பிள்ளையை ஒப்படைக்குமுன் பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள், அது அவமதிப்பன்று, உங்கள் உரிமை. உயர்வகுப்பில் உயிரியல் பயிலும் மாணவருக்குக் கூறுவது: வைத்தியர், பொறியியலாளர் என்னும் இரண்டோடு உங்கள் கனவு நின்றுவிட வேண்டாம். நம் பிள்ளைகளின் நாவைத் திறக்கும் தொழிலொன்று நம்மவரை எதிர்பார்த்திருக்கின்றது.