இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்: நான்கு ஆண்டில் என்ன படிக்கிறார்கள்?



பிளஸ் 2 முடிவு வந்ததும் நம் ஊர்களில் முதலில் எழும் கேள்வி, "கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்குமா?" என்பதுதான். கிடைக்காவிட்டால் மெக்கானிக்கல், சிவில். சபுருக்குப் போக உதவும் என்ற கணக்கு அதில் இருக்கிறது. கலந்தாய்வுப் பட்டியலில் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் என்று ஒரு பிரிவும் உண்டு. பெயரைப் பார்த்து ஐ.டி.ஐ. படிப்பு என்று நினைத்துப் பலர் தாண்டிப் போகிறார்கள். இது நான்கு ஆண்டு பி.இ. பட்டம். சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கி இன்று அண்ணா பல்கலைக்கழகத்துக்குள் இருக்கும் கல்லூரி அது.

மெக்கானிக்கல் படித்தவர் இயந்திரத்தை வடிவமைப்பார். இண்டஸ்ட்ரியல் படித்தவர் ஆள், இயந்திரம், சரக்கு, நேரம், பணம் ஐந்தும் வீணாகாமல் ஒன்றாக ஓடும்படி அமைப்பார். நம் மாவட்டத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. எறையூர் சிப்காட்டில் காலணித் தொழில் வந்திருக்கிறது. ஒரு காலணிக்கு மேல்தோல் வெட்ட 40 விநாடி, தைக்க 70 விநாடி, அடிப்பாகம் ஒட்ட 30 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வெட்டுபவர் எவ்வளவு வேகமாக வெட்டினாலும் 70 விநாடிக்கு ஒன்றுதான் வெளியே வரும். தையலில் நெரிசல். அங்கே இன்னொரு இயந்திரம் போட்டால் தையல் 35 விநாடிக்கு இறங்கும். ஆனால் 35க்கு ஒன்று வராது, 40க்கு ஒன்றுதான் வரும். நெரிசல் வெட்டும் இடத்துக்கு மாறிவிட்டது! இதைக் கண்டுபிடித்து, அடுத்த ரூபாயை எங்கே போடுவது என்று சொல்வதுதான் இந்தப் படிப்பின் வேலை.

ரமலானில் அசருக்குப் பிறகு நோன்புக் கஞ்சி வாங்கத் தூக்குச் சட்டியோடு பிள்ளைகள் நிற்கும் வரிசையும் இதே கணக்குதான். அண்டாவுக்கு ஒரு வரிசையா, இரண்டு அண்டாவுக்கும் சேர்த்து ஒரே வரிசையா, எது சீக்கிரம் நகரும்? இதற்கு வரிசைக் கோட்பாடு என்று ஒரு தனிப் பாடமே உண்டு. வங்கி, விமான நிலையம், மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவு எல்லாம் அதை வைத்துத்தான் திட்டமிடப்படுகின்றன.

இந்தத் துறை வந்த வழியும் நமக்கு அந்நியமானதல்ல. அமெரிக்காவில் ஃபிராங்க் கில்பிரெத் என்பவர் கொத்தனார் செங்கல் அடுக்குவதை உற்றுப் பார்த்து, ஒரு கல்லுக்கு 18 அசைவுகள் இருந்ததை 5 ஆகக் குறைத்தார். குனிந்து கல்லை எடுக்காமல் இடுப்பு உயரத்தில் சாரம் கட்டியதும் அதில் ஒன்று. வளைகுடாவில் கட்டட வேலை பார்த்து முதுகு வலியோடு திரும்பிய நம் பெரியவர்களுக்கு அந்த ஒரு மாற்றத்தின் அருமை சொல்லாமலே புரியும். அவருடைய மனைவி லில்லியன் இதே முறையை வீட்டுச் சமையலறைக்குக் கொண்டுபோனார். 1908இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலக் கல்லூரி இதைப் படிப்பாகத் தொடங்கியது.

இனி நான்கு ஆண்டுக்கு வருவோம். மொத்தம் 8 பருவங்கள். முதல் ஆண்டு ஏறத்தாழ எல்லாப் பொறியியல் பிரிவுக்கும் ஒன்றுதான்: கணிதம், இயற்பியல், வேதியியல், ஆங்கிலம், கணினி நிரல், பொறியியல் வரைபடம், பட்டறைப் பயிற்சி. தமிழர் மரபு என்ற தமிழ்ப் பாடமும் இப்போது சேர்ந்திருக்கிறது. பிள்ளைகள் அரியர் வைக்கத் தொடங்குவது பெரும்பாலும் இந்த ஆண்டில்தான், அதுவும் கணிதத்தில். இண்டஸ்ட்ரியலைப் பொறுத்தவரை அது இரட்டிப்பு ஆபத்து. பின்னால் வரும் பாடங்கள் எல்லாம் அந்தக் கணிதத்தின் தோளில்தான் நிற்கின்றன.

இரண்டாம் ஆண்டில் இரண்டு ஓடைகள் சேர்கின்றன. ஒரு பக்கம் வார்ப்பு, கடைசல், வெல்டிங் போன்ற உற்பத்தி முறைகளும் பொருள்களின் வலிமையும். இது மெக்கானிக்கல் மாணவர் படிப்பதற்கு நெருக்கமானது. மறுபக்கம் புள்ளியியல், நிகழ்தகவு, வேலை ஆய்வு. வேலை ஆய்வு என்பது நிறுத்துக் கடிகாரத்தோடு நின்று ஒரு வேலைக்கு நியாயமாக எவ்வளவு நேரம் ஆகும் என்று அளப்பது. இதில் தொழிலாளிக்கு ஓய்வு நேரமும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்பது பாடத்திலேயே உள்ள விதி. அதை விட்டுவிட்டு ஆளை விரட்ட மட்டும் கடிகாரத்தைப் பிடிப்பவர் பாதிப் பாடம்தான் படித்திருக்கிறார்.

மூன்றாம் ஆண்டுதான் இந்தப் படிப்பின் உயிர். கிடைக்கும் ஆளையும் சரக்கையும் வைத்து அதிகப் பலன் பெறும் வழியைக் கணிதத்தால் தேடும் செயல்பாட்டு ஆராய்ச்சி, தரக் கட்டுப்பாடு, உற்பத்தித் திட்டமிடல், சரக்கு இருப்பு, ஆலையின் இட அமைப்பு, மனித உடலுக்கேற்ப வேலையிடத்தை அமைக்கும் எர்கோனாமிக்ஸ், செலவுக் கணக்கியல், கணினியில் ஆலையையே ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன் எல்லாம் இந்தக் கட்டத்தை ஒட்டி வருகின்றன. நாரணமங்கலத்தில் டயர் ஆலை, அரியலூரில் வரிசையாக சிமெண்ட் ஆலைகள் இருக்கின்றன. விடுமுறைப் பயிற்சிக்கு இடம் தேடும் பிள்ளை முதலில் வீட்டுக்குப் பக்கத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

நான்காம் ஆண்டில் விருப்பப் பாடங்களும் ஆய்வுத் திட்டமும். கடைசிப் பருவம் பெரும்பாலும் திட்டத்துக்கே. விருப்பப் பாடத்தைத் தோழன் எடுத்தான் என்று எடுக்காமல், சப்ளை செயின் பக்கமா, தரவு பகுப்பாய்வா, தரமா என்று மூன்றாம் ஆண்டிலேயே யோசித்துவிட வேண்டும். வேலைக்கான நேர்காணலில் கேள்வி அதிலிருந்துதான் வரும்.

மதிப்பெண்ணைவிட கிரெடிட் என்ற சொல்லை அடிக்கடி கேட்பீர்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரப் பாடம் ஒரு பருவம் முழுவதும் நடந்தால் 1 கிரெடிட். செய்முறையானால் 2 மணி நேரத்துக்கு 1. பட்டத்துக்கு ஏறத்தாழ 160 கிரெடிட் சேர வேண்டும். தேறாத பாடத்தின் கிரெடிட் கணக்கில் ஏறாது. பாடங்கள் ஆங்கிலத்தில்தான்.

சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு இல்லை. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கணக்கிடும் கட்ஆஃப்தான். முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத ஒதுக்கீடு 2007 முதல் இருக்கிறது. ஆனால் ஒரு பிரிவில் 60 இடம் என்று வைத்துக்கொண்டால் அது 2 இடம்தான். பொதுப் பிரிவின் 31 சதவீதத்திலும் நம் பிள்ளைகள் போட்டியிடலாம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கிண்டி மட்டும் எழுதிவிட்டு நிற்கவும் கூடாது. புரொடக்‌ஷன் இன்ஜினியரிங் இதன் நெருங்கிய உறவு. திருச்சி என்.ஐ.டி.யில் அது உண்டு, அதற்கு ஜே.இ.இ. மெயின் எழுத வேண்டும். அரியலூரில் உள்ள அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்துவிட்டு, மேற்படிப்பில் இண்டஸ்ட்ரியலுக்கு மாறுவதும் நல்ல வழியே. மும்பையில் 1963இல் இந்தத் துறைக்கென்றே தொடங்கிய நிட்டி நிறுவனம் 2023இல் ஐ.ஐ.எம். ஆகிவிட்டது.

வேலை பற்றி உள்ளதைச் சொல்லிவிடுவோம். "இண்டஸ்ட்ரியல் இன்ஜினியர்" என்ற பெயரிலேயே எல்லா நிறுவனமும் விளம்பரம் செய்வதில்லை. பிளானிங், தரம், சப்ளை செயின், கிடங்கு, பகுப்பாய்வு என்ற பெயர்களில்தான் தேட வேண்டும். வளைகுடாவின் துறைமுகங்களிலும் கிடங்குகளிலும் இந்த வேலைகள் உண்டு. பெண் பிள்ளைகளை "ஃபேக்டரி வேலை" என்று பயந்து தடுக்கும் வீடுகளுக்கும் இதே பதில்தான். இதில் பெரும்பகுதி கணக்கும் கணினியும். மருத்துவமனை நிர்வாகத்திலும் தேவை இருக்கிறது.

இன்ஜினியரிங் என்றாலே வட்டிக் கடன் என்று நினைத்துப் பின்வாங்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அரசுக் கல்லூரியில் கட்டணம் தனியார் கல்லூரியைவிட மிகக் குறைவு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண், ஆணுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும். குடும்பத்தில் முதல் பட்டதாரியானால் அதற்குத் தனிச் சலுகை உண்டு. ஆனால் வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான், அண்ணன் வாங்கியிருந்தால் தம்பிக்குக் கிடையாது. இவற்றுக்குப் பிறகும் குறைவது விடுதி உணவுச் செலவாக இருந்தால், வட்டிக்குப் போகும் முன் அறக்கட்டளையின் கல்வி உதவிக் குழுவிடம் வாருங்கள்.

சாதிச் சான்றிதழை இப்போதே எடுத்துப் பாருங்கள். லப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), தெக்கனி முஸ்லிம், ஷேக், சையத், அன்சார், மாப்பிள்ளா, தூதேகுலா ஆகிய 7 பிரிவுகளே பி.சி.எம். பட்டியலில் உள்ளன. வெறும் "முஸ்லிம்" அல்லது "இஸ்லாம்" என்று மட்டும் இருந்தால் 3.5 சதவீதத்தில் இடம் கேட்க முடியாது. பிழையைத் திருத்த இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துத் தாலுகா அலுவலகம் வரை அலைய வேண்டியிருக்கும். முதல் பட்டதாரி சான்றிதழுக்கும் அதே இடம்தான். மே மாதக் கூட்டத்துக்கு முன்பே இரண்டையும் வாங்கி வைத்துவிடுங்கள்.