அப்பாவோட பழைய புல்லட்டை ரெடி பண்றீங்களா? 'விண்டேஜ்' பதிவுக்கு முன்னாடி இதைப் படிங்க!

ஆம்ப் மீட்டர் முள்ளைப் பார்த்து, டீகம்ப்ரஸரைப் பிடித்து, ஒரே கிக்கில் ஸ்டார்ட் செய்தால்தான் புல்லட்காரர்களுக்குத் திருப்தி. 1950-களில் திருவொற்றியூரில் தயாராகத் தொடங்கிய வண்டியை இன்றும் ஆசையாகப் பிரித்து மாட்டுகிறார்கள். சரி, வண்டி ரெடி. பேப்பர்?

2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய சொந்த உபயோக டூவீலரை 'விண்டேஜ்' எனப் பதியலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டு செல்லும். சேஸி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. வேற இன்ஜின் மாட்டியிருந்தால் சிக்கல்தான்.

பலரும் கவனிக்காதது இதுதான்: விண்டேஜ் வண்டியை தினமும் ஆபீஸுக்கோ டீக்கடைக்கோ ஓட்ட முடியாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல், சர்வீஸ் - இதுக்குத்தான் அனுமதி.

ஓட்டுறதுக்காகத்தான் இவ்வளவு செலவும்னா, வழக்கமான ஆர்சி-யைப் புதுப்பிப்பதே நல்லது. பதிவாகி 15 ஆண்டு முடிந்த பிறகு, 5 ஆண்டுக்கு ஒருமுறை ஆர்டிஓ ஆபீஸில் வண்டியைக் காட்ட வேண்டும். சேஸியை பெயிண்டுக்கு விடும்போது மட்டும், அதிலுள்ள நம்பரைத் தேய்த்துவிட வேண்டாம்னு சொல்லி வையுங்க. ஆய்வாளர் ஆர்சி-யோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அதைத்தான்.