கிதார் பெட்டியோடு திருடன் ஓட்டம்! பாப் டிலன் மனதைப் பிடித்த படம்

டப்ளின் நகரம். அயர்லாந்து நாட்டின் தலைநகர். அங்கே கிராப்டன் தெரு என்று ஒரு கடைவீதி. வண்டி போகாது. எந்நேரமும் ஜன நடமாட்டம்தான்.

அந்தத் தெருவில் ஒரு வாலிபர் கிதார் வாசித்துப் பாடிக்கொண்டிருந்தார். காலடியில் கிதார் பெட்டி திறந்து கிடந்தது. போவோர் வருவோர் போட்ட சில்லறை அதில்.

பக்கத்தில் ஒரு ஆசாமி வந்தான். ஷூ கயிறு கட்டுவது போலக் குனிந்தான். அடுத்த நிமிடம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட்டம்! வாலிபர் விடவில்லை. துரத்திப் போய் ஒரு பூங்காவில் மடக்கிவிட்டார்.

அப்புறம் அடிதடியா? அதுதான் இல்லை. இரண்டு பேரும் மூச்சு வாங்க நின்று பேசிக்கொள்கிறார்கள். போலீசும் வரவில்லை, வழக்கும் இல்லை. திருட்டுச் செய்தி எழுதியே பழகிய எனக்கு இந்த இடத்திலேயே படம் பிடித்துவிட்டது.

ஆமாம், இது சினிமா. 2007-ம் ஆண்டு திரைக்கு வந்த "ஒன்ஸ்" என்ற படத்தின் முதல் காட்சி.

10 சென்ட் போட்ட பெண்

பாட்டுக்காரர்களைப் பற்றி எத்தனையோ படம் வந்திருக்கிறது. கஷ்டப்படுவார், கண்ணீர் விடுவார், கடைசியில் மாலை போடுவார்கள். இந்தப் படம் கஷ்டத்தைக் காசுக் கணக்காகச் சொல்கிறது. அதனால்தான் சங்கீதக்காரர்களே இதை "நம்ம கதை" என்று எடுத்துக்கொண்டார்கள்.

வாலிபர் பகலில் ஊருக்குத் தெரிந்த பாட்டாகப் பாடுவார். அதற்குத்தான் காசு விழும். தெரு காலியான பிறகு ராத்திரியில்தான் சொந்தப் பாட்டு. அப்படி ஒரு ராத்திரி, செக் நாட்டிலிருந்து பிழைக்க வந்த ஒரு பெண் நின்று கேட்டாள். 10 சென்ட் போட்டாள். பத்தே சென்ட்! அதோடு விட்டாளா, ஆயிரம் கேள்வி வேறு.

வாலிபருக்குத் தொழில், அப்பாவின் கடையில் தூசி உறிஞ்சும் மெஷின் ரிப்பேர். அதைக் கேட்டதும் மறுநாளே தன் வீட்டு மெஷினை நாய்க்குட்டி போலத் தெருவில் இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறாள்.

அவளுக்குப் பியானோ வாசிக்கத் தெரியும். வாங்கத்தான் வசதியில்லை. ஒரு வாத்தியக் கடைக்காரர் மதிய நேரத்தில் கடைப் பியானோவை வாசிக்க விடுகிறார். அங்கே வாலிபர் தன் பாட்டைச் சொல்லிக் கொடுக்க, அவள் மெல்லப் பிடித்துக்கொள்கிறாள். இரண்டு குரலும் சேர்ந்தபோது எழுந்த பாட்டு இருக்கிறதே, சும்மா சொல்லக்கூடாது!

இன்னொரு காட்சி. வாலிபர் கொடுத்த மெட்டுக்கு அவள் பாட்டு எழுத வேண்டும். நடு ராத்திரியில் பாட்டுப் பெட்டியின் பேட்டரி தீர்ந்துவிட்டது. கையில் காசில்லை. தூங்கும் குழந்தையின் உண்டியலில் கை வைக்கிறாள். பேட்டரி வாங்கி, ராத்திரி உடையோடு, காதில் பாட்டைக் கேட்டுப் பாடியபடியே வீட்டுக்கு நடக்கிறாள். சட்டப்படி இதுவும் திருட்டுத்தான். எந்தத் தாயிடம் போய் வாக்குமூலம் வாங்குவது?

பேங்கில் பாட்டு

பாட்டைப் பதிவு செய்ய ஸ்டூடியோவுக்குப் பணம் வேண்டும். வாலிபர் சூட்டு மாட்டிக்கொண்டு அவளோடு பேங்குக்குப் போகிறார். பதிவு செய்த பாட்டைக் கேட்ட அதிகாரி, தானும் ஒரு கிதாரை எடுத்துப் பாட ஆரம்பித்துவிடுகிறார்! கடன் கிடைத்துவிட்டது. (எல்லா பேங்கிலும் இப்படி நடக்கும் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.)

தெருவில் வாசிக்கும் வேறு சிலரைச் சேர்த்துக்கொண்டு ஒரு வார இறுதியில் பதிவு. ஸ்டூடியோக்காரர் முதலில் அலட்சியமாகத்தான் உட்கார்ந்திருக்கிறார். முதல் பாட்டு பாதி வந்ததும் நிமிர்கிறார். விடிந்ததும் அனைவரும் காரில் ஏறி, கார் ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டுக் கேட்கிறார்கள். நல்ல ஸ்பீக்கரில் எல்லாப் பாட்டும் நன்றாகத்தான் கேட்கும். கார் ஸ்பீக்கரில் நின்றால்தான் நின்றது. இந்தச் சங்கதி தொழில்காரனுக்குத்தான் தெரியும்.

17 நாள் படப்பிடிப்பு

தெரிந்திருப்பதில் ஆச்சரியம் இல்லை. டைரக்டர் ஜான் கார்னி ஒரு காலத்தில் "தி பிரேம்ஸ்" குழுவில் பேஸ் கிதார் வாசித்தவர். கதாநாயகன் கிளென் ஹன்சார்ட் அந்தக் குழுவின் பாடகர். 13 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, டப்ளின் தெருக்களில் நிஜமாகவே பாடிப் பிழைத்தவர். பெண்ணாக நடித்த மார்கெட்டா இர்க்லோவா செக் நாட்டுக்காரர்தான். அப்போது அவருக்கு வயது 17.

2006 ஜனவரியில் 17 நாளில் படத்தை முடித்துவிட்டார்கள். செலவு சுமார் 1 லட்சத்து 12 ஆயிரம் யூரோ. தூரத்தில் கேமராவை வைத்து எடுத்ததால், படம் எடுப்பதே தெருவில் போன பலருக்குத் தெரியாது. டைரக்டர் தன் சம்பளத்தை இரண்டு நடிகர்களுக்கும் கொடுத்துவிட்டார். லாபம் வந்தால் பங்கு என்றும் பேச்சு.

லாபம் வந்தது. உலகம் முழுக்க வசூல் 2 கோடி டாலரைத் தாண்டியது! பாப் டிலனுக்குப் படம் ரொம்பப் பிடித்துப்போய், தன் கச்சேரிச் சுற்றுப்பயணத்தில் சில ஊர்களில் தனக்கு முன்னால் இவர்கள் இருவரையும் பாடவைத்தார். பெரிய பாட்டுக்காரர் சின்னப் பாட்டுக்காரர்களுக்கு மேடையைக் கொடுத்தார். இதைவிடப் பாராட்டு என்ன வேண்டும்?

2008 பிப்ரவரி 24-ந் தேதி ஆஸ்கார் விழா. போட்டியில் இருந்த 5 பாட்டில் 3 ஒரே டிஸ்னி படத்தின் பாட்டுகள். பரிசு, வாத்தியக் கடையில் பிறந்த அந்தப் பாட்டுக்கு! ஹன்சார்ட் பேசி முடித்தார். இர்க்லோவா வாயைத் திறந்ததும் வாத்தியக் கோஷ்டி வாசித்து அவர் பேச்சை அமுக்கிவிட்டது. விளம்பர இடைவேளை முடிந்ததும் விழாவை நடத்திய ஜான் ஸ்டூவர்ட் அவரைத் திரும்ப மேடைக்குக் கூப்பிட்டுப் பேசவைத்தார். அப்போது அவருக்கு வயது 19.

ஹன்சார்ட் கிராப்டன் தெருவை மறக்கவில்லை. ஆஸ்காருக்குப் பிறகும் பல வருடம், கிறிஸ்துமசுக்கு முந்தின நாள் ராத்திரி, சக பாட்டுக்காரர்களோடு அங்கே நின்று பாடினார். வசூலான காசு வீடில்லாதவர்களுக்குப் போனது.