சைக்கிள் மேல் பைக் மோதியதா? வயிற்றையும் பாருங்கள்!

காலை ஷிஃப்ட் நேரத்தில் அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் போயிருக்கிறீர்களா? சீறும் பைக்குகளுக்கு ஓரத்திலேயே, டிபன் பாக்ஸை மாட்டிக்கொண்டு சைக்கிள்களும் போய்க்கொண்டிருக்கும். அம்பத்தூருக்கும் சைக்கிளுக்கும் பழைய சொந்தம்! டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி 1949-ல் பிறந்தது இங்கேதான். ஆவடி, பூந்தமல்லி பக்கம் பார்த்தால், அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள்.

சி.டி.எச். ரோட்டில் இப்படி ஒரு சைக்கிளை ஒரு பைக் தட்டிவிட்டால் என்ன நடக்கும்? கூட்டம் கூடும். ஒருத்தர் ஓடிப்போய் சோடா வாங்கி வருவார். விழுந்தவர் முழங்கைச் சிராய்ப்பை ஊதிக்கொண்டே, "ஒண்ணும் ஆகலைங்க, விடுங்க" என்று எழுந்து போய்விடுவார். ஷிஃப்டுக்கு லேட்டானால் சம்பளம் போய்விடுமே!

ஆபத்து அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கலாம்.

சைக்கிள் கீழே சாயும்போது முன்சக்கரம் திரும்பிக்கொள்ளும். அப்போது ஹேண்டில்பாரின் ஒரு முனை வயிற்றைப் பார்த்து நிற்கும். ஓட்டுகிறவர் தன் முழு எடையோடு அதன்மேல் விழுவார். வெளியே பார்த்தால் நாணயம் அளவுக்கு வட்டமாக ஒரு கன்றல், அவ்வளவுதான். சில சமயம் அதுகூட இருக்காது. உள்ளே மண்ணீரலோ கல்லீரலோ கிழிந்து ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். கணையமும் முன்சிறுகுடலும் முதுகெலும்புக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் மாட்டி நசுங்கலாம். இவற்றின் தொந்தரவு வெளியே தெரிய ஒரு நாள், ஏன், அதற்கு மேலும் ஆகலாம். குழந்தைகளுக்கு வயிற்றுத் தசை மெல்லியது, விலா எலும்பும் வளைந்து கொடுக்கும். அதனால் அவர்களுக்கு இந்த அடி அதிகம். திட்டு விழுமே என்று பயந்து சொல்லாமல் மறைக்கிற பிள்ளைகளும் உண்டு. சட்டையைத் தூக்கி நீங்களே பாருங்கள்!

வயிற்று வலி கூடிக்கொண்டே போகிறதா? வாந்தியா? முகம் வெளுத்து, வியர்த்து, எழுந்து நின்றால் மயக்கம் வருகிறதா? தோளில் அடியே படவில்லை, ஆனால் இடது தோள்பட்டை வலிக்கிறது என்கிறாரா? மண்ணீரல் கிழிந்தால் அப்படியும் வலி வரும். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஸ்கேன் வசதி உள்ள பெரிய மருத்துவமனைக்கே போங்கள்.

தலையில் அடியும் இப்படித்தான் ஏமாற்றும். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் சில மணி நேரத்தில் நினைவிழக்கலாம். மண்டை ஓட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தம் சேருவதுதான் காரணம். திரும்பத் திரும்ப வாந்தி, விடாத தலைவலி, எழுப்பினாலும் தெளியாத தூக்கம், பேச்சில் குழறல், காதிலோ மூக்கிலோ ரத்தமோ நீரோ வடிதல்... இதில் ஒன்று இருந்தாலும் உடனே புறப்படுங்கள். இது பைக் ஓட்டியவருக்கும் பொருந்தும். சைக்கிளைத் தவிர்க்கப் பார்த்து, தானே தூக்கியெறியப்பட்டுத் தலைகுப்புற விழுகிறவர் அவர்தான். ஹெல்மெட் பெட்ரோல் டாங்க்மேல் இருந்து என்ன பிரயோஜனம்?

சரி, அந்த சோடா? வேண்டவே வேண்டாம்! காபி, தண்ணீர் எதுவும் வேண்டாம். ஆபரேஷன் தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது மேலே வந்து மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். வயிற்றில் தைலம் தேய்ப்பதும், டாக்டர் பார்க்குமுன் வலி மாத்திரை போடுவதும் கூடாது. கழுத்து வலி என்றாலோ, கை காலை அசைக்க முடியவில்லை என்றாலோ, இரண்டு பேர் நடுவில் பைக்கில் உட்கார வைத்துக் கொண்டுபோகாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

செலவை நினைத்துத் தயங்க வேண்டியதில்லை. 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' என்று 2021 டிசம்பரில் தொடங்கிய தமிழக அரசுத் திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் இது உண்டு. உதவிக்குப் போனால் போலீஸ் கேஸாகிவிடுமோ என்கிறீர்களா? 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், நல்லெண்ணத்தோடு உதவுகிறவருக்குப் பாதுகாப்பு தருகிறது. பெயரைச் சொல்லும்படிகூட வற்புறுத்த முடியாது.

இன்று சாயந்திரம் பிள்ளையின் சைக்கிளை ஒருமுறை பாருங்கள். ஹேண்டில்பார் முனையில் ரப்பர் பிடி கிழிந்து வெறும் இரும்புக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறதா? விழுந்தால் வயிற்றைக் குத்திக் கிழிக்கப்போவது அதுதான். எந்த சைக்கிள் கடையிலும் புதுப் பிடி கிடைக்கும். போனதோடு, பின் மட்கார்டில் ஒளிரும் சிவப்பு ரிஃப்ளெக்டரையும் மாட்டச் சொல்லிவிடுங்கள்.