துருப்பிடித்தல்: பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கும்போது

மாணவர்களே, துருப்பிடித்தல் பற்றிய பரிசோதனையை நீங்கள் நன்கு அறிவீர்கள். மூன்று சோதனைக் குழாய்களில் இரும்பாணிகள் இடப்படுகின்றன. நீரும் வளியும் உள்ள குழாயில் மட்டுமே ஆணி துருப்பிடிக்கின்றது. கொதித்தாறிய நீரின் மேல் எண்ணெய்ப் படை இட்ட குழாயிலும், நீரற்ற கல்சியம் குளோரைட்டு இட்ட குழாயிலும் ஆணி மாறுவதில்லை. இதை மனனம் செய்தால் ஒரு வினாவுக்கு விடை எழுதலாம். விளங்கிக்கொண்டால் பழைய கார் ஒன்றை வாங்கும் ஒருவரைப் பெரும் நட்டத்திலிருந்தும் ஆபத்திலிருந்தும் காப்பாற்றலாம். எவ்வாறு எனப் பார்ப்போம்.

எடுத்துக்காட்டு: மஸ்டா எம்.எக்ஸ்-5

ஜப்பானிய மஸ்டா நிறுவனம் 1989 இல் சிக்காகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய இரு இருக்கைக் கார் இது. மடிக்கத்தக்க துணிக்கூரை கொண்டது. 2016 இல் இதன் பத்து இலட்சமாவது கார் தயாரிக்கப்பட்டது. முதலாம் தலைமுறைக் கார்கள் 1997 வரை வெளிவந்தன. பிரித்தானியாவில் இன்றும் பலர் இவற்றை விரும்பி வாங்குகின்றனர். இயந்திரம் உறுதியானது, உடலோ துருவுக்கு இலகுவில் இரையாகின்றது.

துரு தொடங்கும் இடம்

கூரையில் விழும் மழைநீர், இருக்கைகளுக்குப் பின்னால் இரு பக்கங்களிலும் உள்ள வடிகுழாய்களூடாகக் கீழே வெளியேற வேண்டும். உக்கிய இலைகளும் தூசும் இக்குழாய்களை அடைத்துவிட்டால் நீர் தேங்கும். அது கதவுக்குக் கீழே, முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையே ஓடும் பெட்டி வடிவான உருக்குச் சட்டத்தினுள் புகும். அங்கே நீரும் உண்டு, வளியும் உண்டு. ஆணி துருப்பிடித்த சோதனைக் குழாயின் நிலைமை இதுவேயாகும்.

இங்கு இரும்பு அணுக்கள் இலத்திரன்களை இழந்து ஒட்சியேற்றப்படுகின்றன. அவ்விலத்திரன்களை ஏற்று, நீரும் ஒட்சிசனும் ஐதரொட்சைட்டு அயன்களாகின்றன. இறுதியில் நீரேறிய பெரிக் ஒட்சைட்டு, அதாவது துரு, உண்டாகின்றது. துருவின் கனவளவு அது உண்டாகிய இரும்பின் கனவளவிலும் அதிகம். ஆகவே அது வர்ணப்பூச்சை வெளிநோக்கித் தள்ளும். பின் சில்லுக்குச் சற்று முன்னே சிறு கொப்புளங்கள் தெரிந்தால், துரு உள்ளிருந்து வெளியே வந்துவிட்டது என்பதே பொருள்.

பிரித்தானியாவில் மாரிகாலத்தில் வீதிகளில் உப்பு தூவப்படுகின்றது. உப்பு நீரின் உறைநிலையைக் குறைப்பதால் பனிக்கட்டி உருகும். ஆனால் அதே உப்புநீர் சிறந்த மின்பகுபொருளாகையால் துருப்பிடித்தலின் வேகம் கூடுகின்றது.

கவனிக்க: உப்பு துருவை உண்டாக்கும் காரணியன்று, அதை விரைவுபடுத்தும் காரணியாகும். மாணவர் பலர் இதில் புள்ளிகளை இழக்கின்றனர்.

இது ஏன் பாரதூரமானது?

சாதாரண காரில் உலோகக் கூரையும் உடலுக்குப் பலம் தருகின்றது. கூரை மடிக்கப்படும் காரில் அப்பலத்தின் பெரும்பகுதியை அடிப்பகுதியே தாங்குகின்றது. கதவுக்குக் கீழுள்ள சட்டம் உக்கிப்போனால் மோதலின்போது பயணியின் உயிருக்கு ஆபத்து. பிரித்தானியாவில் மூன்று வருடங்களைக் கடந்த கார்கள் ஆண்டுதோறும் எம்.ஓ.டி எனும் சோதனைக்கு உட்படுகின்றன. இருக்கைப் பட்டி, தொங்கல் அமைப்பு ஆகியன பொருத்தப்பட்ட இடங்களிலிருந்து 30 சென்ரிமீற்றருக்குள் உடற்சட்டம் கடுமையாக அரிக்கப்பட்டிருந்தால் கார் சித்தியடையாது.

வாங்குமுன் செய்ய வேண்டியவை

1. இருக்கைகளுக்குப் பின்னாலுள்ள கம்பள விரிப்பைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் வடிகுழாய் அடைபட்டிருக்கலாம். உரிமையாளரின் அனுமதியுடன் சிறிது நீர் ஊற்றி, அது கீழே வெளியேறுகின்றதா என அவதானியுங்கள்.

2. மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைக் கதவின் கீழ்ப்பகுதியில் வையுங்கள். உருக்கு காந்தத்தால் கவரப்படும். துவாரத்தை மூடி மேலே வர்ணம் பூசிய நிரப்புபசை கவரப்படாது. ஆனால் முதலாம் தலைமுறைக் காரின் இயந்திர மூடியில் காந்தம் ஒட்டாவிட்டால் பயப்பட வேண்டாம். அது அலுமினியத்தால் ஆனது.

3. காரை உயர்த்தி அடிப்பகுதியைப் பாருங்கள். 1998 முதல் 2005 வரையான இரண்டாம் தலைமுறைக் கார்களில் முன்பக்க நீள்சட்டங்களும் உக்குவதுண்டு. புதிதாகப் பூசப்பட்ட தடித்த கரும்பூச்சு துருவை மறைக்கவும் கூடும்.

4. முந்திய சோதனைப் பெறுபேறுகளைப் படியுங்கள். ஆனால் சோதகர் எந்தப் பாகத்தையும் கழற்றிப் பார்ப்பதில்லை என்பதை நினைவிற்கொள்ளுங்கள். சித்திச் சான்றிதழ் மட்டும் போதாது.

எதைத் தெரிவு செய்வது?

ஒரு கார் பளபளப்பானது. கதவடியில் கொப்புளங்கள் உள்ளன. மற்றையது வர்ணம் மங்கியது, இயந்திரம் தேய்ந்தது. உடலில் துரு இல்லை. இரண்டாவதே சிறந்தது. தேய்ந்த பாகங்களைக் கழற்றிப் புதியன பூட்டலாம். உக்கிய சட்டத்தையோ வெட்டியகற்றிப் புதிய உருக்கை உருக்கி ஒட்ட வேண்டும். வெளியே சிறு கொப்புளமாகத் தெரிவது உள்ளே பெரும் துவாரமாக இருக்கலாம். அதற்கான செலவு காரின் விலையையும் மிஞ்சக்கூடும்.

வாங்கியபின் வடிகுழாய்களை ஒழுங்காகச் சுத்தம் செய்தல், மாரிகாலம் முடிந்ததும் அடிப்பகுதியிலுள்ள உப்பைக் கழுவுதல், சட்டத்தின் உட்குழியினுள் மெழுகு விசிறுதல் என்பன அவசியம். மெழுகு நீரையும் ஒட்சிசனையும் உருக்கிலிருந்து பிரித்து வைக்கின்றது. சோதனைக் குழாயில் எண்ணெய்ப் படை வளியைத் தடுத்ததும் இதை ஒத்ததே.

உங்களைச் சோதியுங்கள்

(அ) ஈரமான காரை வெப்பமான, காற்றோட்டமற்ற கராஜில் நிறுத்துவது ஏன் தவறு?
(ஆ) தாக்கவீதத் தொடரில் அலுமினியம் இரும்புக்கு மேலே உள்ளது. எனினும் அது உக்கிப்போகாதது ஏன்?

விடைக் குறிப்பு

(அ) ஈரம் எளிதில் உலராது. வெப்பநிலை கூடும்போது தாக்கவீதமும் கூடும்.
(ஆ) அலுமினியம் ஒட்சைட்டுப் படை உலோகத்துடன் இறுகப் பற்றி அதனைப் பாதுகாக்கும். துருவோ நுண்டுளைகள் கொண்டது. உதிர்ந்து, புதிய இரும்பை வெளிக்காட்டும்.