மேற்கோள் கோப்பும் ஒரு கோடி டொலர் வழக்கும்

ஆய்வுக் கட்டுரை எழுதிய எவரும் அறிந்த தொல்லை ஒன்றுண்டு. ஒரு சஞ்சிகை நூலாசிரியரின் பெயருக்குப் பின் ஆண்டை அடைப்புக்குறிக்குள் கேட்கும். மற்றொன்று அதனை இறுதியில் இடுமாறு பணிக்கும். சஞ்சிகை மாறினால் உசாத்துணைப் பட்டியல் முழுவதையும் திருத்த வேண்டும். இவ்வேலையைக் கணினியிடம் ஒப்படைக்கவே எண்ட்நோட் போன்ற மென்பொருள்கள் தோன்றின. ஒவ்வொரு சஞ்சிகையின் விதிகளும் அதில் தனித்தனிக் கோப்பாக எழுதப்பட்டிருக்கும். அக்கோப்புகளே பின்னர் நீதிமன்றம் ஏறின.

அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் உள்ள ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகம் 2006ஆம் ஆண்டில் ஸொட்டேரோ என்னும் மென்பொருளை இலவசமாக வெளியிட்டது. 2008இல் வெளிவந்த அதன் சோதனைப் பதிப்பு, எண்ட்நோட்டின் பாணிக் கோப்புகளைத் தன் வடிவத்துக்கு மாற்றும் ஆற்றல் கொண்டது என்பது எண்ட்நோட்டின் அப்போதைய உரிமையாளரான தொம்சன் ரொய்ட்டர்ஸ் நிறுவனத்தின் குற்றச்சாட்டு. அவ்வாண்டு செப்டெம்பரில் ரிச்மண்ட் நீதிமன்றில் தாக்கலான வழக்கில், தடையுத்தரவுடன் ஒரு கோடி டொலர் நட்டஈடும் கோரப்பட்டது.

கவனிக்க வேண்டியது, வழக்கின் ஆதாரம் பதிப்புரிமையன்று, ஒப்பந்தமே என்பதுதான். பல்கலைக்கழகம் எண்ட்நோட்டைப் பயன்படுத்த அனுமதி பெற்றிருந்தது. மென்பொருளைப் பிரித்தாராய்வதை அவ்வனுமதி தடுத்தது. எவரும் படியாமல் 'சம்மதம்' என்று அழுத்திச் செல்லும் நிபந்தனைகள் ஒரு நாள் இப்படியும் எழுந்து நிற்கும்!

ஆயினும் நியாயமான கேள்வி ஒன்றுண்டு. மேற்கோளை எவ்வாறு எழுதுவது என்னும் விதி சஞ்சிகையினுடையது. அதனைக் கோப்பாக்கிய உழைப்பு நிறுவனத்தினுடையது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் எண்ட்நோட் பயனாளர் தாமாகவே பாணிக் கோப்புகளை ஆக்கவும் திருத்தவும் முடியும். ஓர் ஆய்வாளர் தம் கையால் ஆக்கிய கோப்பை வேறொரு மென்பொருளில் திறப்பதற்கும் நிறுவனத்தின் அனுமதி வேண்டுமா? வேண்டும் என்பது, பேனாவை விற்றவர் எழுதிய கடிதத்துக்கும் உரிமை கோருவதை ஒக்கும்.

பல்கலைக்கழகம் பணியவில்லை, எண்ட்நோட் அனுமதியைப் புதுப்பிக்கவும் இல்லை. 2009 ஜூன் மாதத்தில் வழக்குத் தள்ளுபடியானது.

இதற்கு நெருங்கிய சட்டப் பிரச்சினை ஒன்றுக்கு ஐரோப்பாவில் விடை கிடைத்தது. எஸ்.ஏ.எஸ். நிறுவனம் தொடுத்த வழக்கில், கணினி நிரலின் செயற்பாட்டுக்கோ தரவுக் கோப்பின் வடிவத்துக்கோ நிரலுக்குரிய பதிப்புரிமைப் பாதுகாப்பு இல்லையென 2012 மே மாதம் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனுமதி பெற்றவர் நிரலின் இயக்கத்தை அவதானித்து அதன் கருத்துகளை அறிவதை ஒப்பந்தத்தால் தடுக்க முடியாதெனவும் அது கூறியது. அமெரிக்காவிலோ, பிரித்தாராய்வதைத் தடுக்கும் ஒப்பந்த நிபந்தனை செல்லுபடியாகும் என 2003இல் மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று தீர்ப்பளித்திருந்தது.

பூட்டுவதற்கு வழக்கு ஒன்றே வழியுமன்று. எல்செவியர் நிறுவனத்துக்குச் சொந்தமான மெண்டெலி மென்பொருள், பயனாளரின் கணினியிலுள்ள உசாத்துணைத் தரவுத்தளத்தை 2018இல் மறையாக்கம் செய்தது. பாதுகாப்பே காரணம் எனச் சொல்லப்பட்டது. அத்தரவுத்தளத்தை நேரடியாக வாசித்துத் தகவல்களை எடுத்துக்கொள்ளும் வசதியை ஸொட்டேரோ உருவாக்கியதும் அக்காலப் பகுதியிலேயே.