அரை மரதன் ஓட ஆசையா? முதலில் வீட்டில் பேசுங்கள்



இந்தப் பக்கத்தில் வழக்கமாக நான் எழுதுவது குடிதண்ணீர், மலசலகூடம், சேமலாப நிதிப் படிவம், பிள்ளை மடுவத்துப் பால் மா ஆகிய விசயங்கள்தான். இந்த முறை ஓட்டத்தைப் பற்றி எழுதுகிறேன். நலன்புரி உத்தியோகத்தருக்கு ஓட்டத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்பீர்கள். போன வருசம் நானும் அப்படித்தான் கேட்டேன்.

எங்கள் கீழ்ப் பிரிவில் கொழுந்து எடுக்கிற ஒரு தங்கச்சி. வயது 34. இரண்டு பிள்ளைகள். ஒரு நாள் பின்னேரம் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, படங்கைக்கூட அவிழ்க்காமல் என் கந்தோர் வாசலில் வந்து நின்றா. "ஐயா, கொழும்பில அரை மரதன் ஓட்டம் ஒன்னு இருக்காம். நான் ஓடலாம்னு இருக்கேன். பேர் குடுக்கிற போம் நிரப்பித் தாங்க" என்றா. நான் சிரித்துவிட்டேன். "உங்களுக்கு எதுக்குத் தங்கச்சி இந்த வேலை? நாள் முழுக்க மலையில ஏறி இறங்குறது போதாதா?" என்று கேட்டேன். அவ ஒன்றும் சொல்லவில்லை. போமை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டா. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது 1500 மீற்றர் ஓட்டத்தில் ஓடியவ என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். பதினாறு வயதில் வேலைக்குப் பேர் பதிந்ததோடு சப்பாத்தும் போச்சு, ஓட்டமும் போச்சு.

அந்தச் சிரிப்புக்காக நான் வெட்கப்படுகிறேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

மரதன் ஓட்டத்தின் முழுத் தூரம் 42.195 கிலோமீற்றர். 1908 ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம் அது. 1921 இல் அதையே நிரந்தரத் தூரமாக வைத்துக்கொண்டார்கள். அதில் சரிபாதி அரை மரதன். அதாவது 21 கிலோமீற்றரும் 97½ மீற்றரும். நம்ம பெரியவர்கள் கணக்கில் 13 கட்டையும் கொஞ்சமும். பொம்பளைகளால் இவ்வளவு தூரம் ஓட முடியாது என்று படித்த பெரிய மனுசர்களே ரொம்ப காலம் சொல்லிக்கொண்டு இருந்தார்கள். 1928 ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீற்றர் ஓடினார்கள். அதற்குப் பிறகு அந்த ஓட்டத்தை எடுத்துவிட்டு, 1960 இல்தான் திரும்பச் சேர்த்தார்கள். பெண்களுக்கு மரதன் ஓட்டம் ஒலிம்பிக்கில் வந்ததோ 1984 ஆம் ஆண்டில். ஆகவே நம்ம லயத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். கென்யா நாட்டில் நந்தி, கெரிச்சோ என்று இடங்கள் உண்டு. சுமார் 2,000 மீற்றர் உயரத்தில் இருக்கின்ற தேயிலை நாடு. நம்மைப் போலவே அங்கும் கொழுந்து எடுக்கிறார்கள். இரண்டு ஒலிம்பிக்கில் மரதன் ஓட்டத்தில் தங்கம் வாங்கிய எலியுட் கிப்சோகே பிறந்தது அந்த நந்தியில்தான். தேயிலை மலையில் பிறந்தவர்களுக்கு ஓட்டம் தூரமான விசயம் இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதினேன். மலையில் பிறந்தால் மட்டும் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். பயிற்சி வேண்டும், சாப்பாடு வேண்டும், தூக்கம் வேண்டும். இந்த மூன்றையும் ஓடுகிற ஆள் தனியாகச் சம்பாதிக்க முடியாது. வீட்டில் இருப்பவர்கள் கொடுக்க வேண்டும்.

முதல் வேலை இரத்தப் பரிசோதனை

ஓட நினைப்பவர்கள் சப்பாத்து வாங்குவதற்கு முன்னே இரத்தம் சோதிக்க வேண்டும். நம்ம தோட்டத்துப் பெண்களில் பலபேருக்கு இரத்தசோகை இருப்பது புதுச் செய்தி இல்லை. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் கொஞ்சம் ஏறினாலே மூச்சு வாங்கும், தலை சுற்றும். அந்த நிலையில் ஓடப் போவது விளையாட்டு இல்லை. இந்தத் தங்கச்சிக்குப் பத்தரைதான் இருந்தது. டொக்டர் இரும்புச்சத்து மாத்திரையும் பூச்சி மாத்திரையும் கொடுத்து, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். கொக்கிப்புழு மண்ணில் வெறுங்காலோடு நடக்கும்போது தோல் வழியாக ஏறிக் குடலில் இருந்து இரத்தத்தை உறிஞ்சும். வெறுங்காலோடு ஓடுவது தைரியம் என்று நினைக்கிற பையன்கள் இதைக் கவனிக்கவும்.

சாப்பாட்டோடு தேத்தண்ணீர் குடிப்பதையும் நிறுத்தச் சொன்னார். நமக்கு இது கொஞ்சம் கசப்பான பேச்சுத்தான். தேயிலையில் உள்ள ஒரு சத்து, சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுக்கவிடாமல் தடுக்கும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தால் அவ்வளவு பாதகம் இல்லை. மாத்திரையைத் தேசிக்காய்த் தண்ணீரோடு விழுங்கினால் நன்றாகப் பிடிக்கும். நாலாவது மாதம் பார்த்தபோது பன்னிரண்டரை இருந்தது. அதற்குப் பிறகுதான் ஓட்டம் தொடங்கியது.

யார் தண்ணீர் தூக்குவது?

இப்பொழுது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

கொழுந்து எடுக்கிற ஒரு அம்மா காலையில் நாலு மணிக்கு எழும்பி, தண்ணீர் பிடித்து, ரொட்டி சுட்டு, பிள்ளைகளை வெளிக்கிடுத்தி, பெரட்டுக்குப் போக வேண்டும். பின்னேரம் வந்தால் விறகு, சமையல், உடுப்புக் கழுவுவது. இதற்குள் எங்கே ஓட்டம்? ஞாயிற்றுக்கிழமை நீண்ட தூரம் ஓடிவிட்டுத் திங்கட்கிழமை கால் வலியோடு மலைக்குப் போனால் நிறை குறையும். நிறை குறைந்தால் அரைப் பேர். ஓட்டம் என்ற ஆசை சம்பளத்தில் கை வைக்கிறது. இதைப் பேசாமல் "முயற்சி செய்தால் முடியும்" என்று மேடையில் சொல்வதில் பிரயோசனம் இல்லை.

புருசன் கவ்வாத்து வெட்டுகிற ஆள். முதலில் அவருக்கும் பிடிக்கவில்லை. மாமியார் வெளிப்படையாகவே, "கலியாணம் முடிச்ச பொம்பளை ரோட்டுல ஓடினா சனம் சிரிக்காதா?" என்று கேட்டிருக்கிறா. ஒரு கிழமை வீட்டில் பேச்சு வார்த்தை சரியில்லை. பிறகு புருசனே ஒரு வழி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மட்டும் வீட்டு வேலை முழுக்க அவருடையது. தண்ணீர், விறகு, மத்தியானச் சமையல் எல்லாம். மனைவி ஓடிவிட்டு வந்து சாப்பிட்டுப் பின்னேரம் வரை தூங்க வேண்டும். தூங்கினால்தான் திங்கட்கிழமை நிறை வரும். கிழமை நாட்களில் இரண்டு நாள் மட்டும், வேலை விட்டு வந்து அரை மணித்தியாலம். அந்த இரண்டு நாளும் ரொட்டிக்கு மாப் பிசைவது 12 வயது மகன்.

முதல் ரொட்டி கல்லு மாதிரி இருந்ததாம். பையனே என்னிடம் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போனால் வந்திருக்கும் காசு வரவில்லை. அந்தக் குறைவைச் சமாளிக்கப் புருசன் சனிக்கிழமை பின்னேரங்களில் டவுன் பக்கம் ஒதுங்குவதைக் கைவிட்டார். எதற்காக ஒதுங்குவார் என்று நான் எழுதத் தேவையில்லை.

எப்படிப் பழகினா?

மொத்தம் 18 கிழமைகள். முதல் இரண்டு கிழமை ஒரு நிமிசம் ஓட்டம், இரண்டு நிமிசம் நடை, அவ்வளவுதான். மூன்றாம் கிழமை ஞாயிறு 5 கிலோமீற்றர். ஆறாம் கிழமை 8. பதினோராம் கிழமை 13. பதினைந்தாம் கிழமை 17. நாலு கிழமைக்கு ஒரு தடவை தூரத்தைக் குறைத்து உடம்புக்கு ஆறுதல் கொடுக்க வேண்டும். ஓட்டத்துக்கு முன்னே பயிற்சியில் முழுத் தூரம் ஓடத் தேவையில்லை. 17, 18 போதும். கடைசி இரண்டு மூன்று கிழமை நன்றாகக் குறைத்துவிட வேண்டும். பயத்தில் கடைசிக் கிழமை கூட ஓடுபவர்கள் களைத்த காலோடுதான் போய் நிற்பார்கள்.

வேகத்துக்கு மணிக்கூடு தேவையில்லை. ஓடும்போது பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிகிறதா என்று பாருங்கள். ஒரு வசனம் முழுதாகச் சொல்ல முடியவில்லை என்றால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். மகன் பழைய சைக்கிளில் பின்னால் போய், பாடத்தில் வந்த வாய்ப்பாட்டைக் கேட்டுக்கொண்டு போவானாம். அம்மா பதில் சொன்னால் வேகம் சரி. ஏற்றத்தில் நடந்து ஏறுவதில் வெட்கம் இல்லை. இறக்கத்தில்தான் கவனம் வேண்டும். இறக்கத்தில் ஓடும்போதுதான் முழங்காலும் தொடையும் அதிகம் அடி வாங்கும். காலை அகட்டிப் போடாமல் சின்னச் சின்ன அடியாக வைக்க வேண்டும்.

நம்ம ஊருக்கென்று சில ஆபத்துகள் இருக்கின்றன. விடிவதற்கு முன்னே தனியாகத் தேயிலைப் பாதையில் ஓடக் கூடாது. சிறுத்தை, காட்டுப்பன்றி நடமாட்டம் எல்லோருக்கும் தெரியும். குளவிக் கூடு இருக்கிற மரத்துப் பக்கம் போகவே வேண்டாம். மழை நாளில் அட்டை கடித்தால் உப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஓடலாம், ஆனால் மின்னல் வெட்டும்போது திறந்த மலையில் இருக்கக் கூடாது. பெண் பிள்ளை தனியாக ரோட்டில் ஓடும்போது வருகிற வேறு தொல்லைகளும் உண்டு. அதற்குத்தான் சைக்கிளில் மகன், பாலத்தடியில் தண்ணீர்ப் போத்தலோடு புருசன்.

பத்தாவது கிழமையோ என்னவோ, கோயில் திருப்பத்தில் ஒரு ஆள் கல்லில் உட்கார்ந்து இருந்தா. மாமியார்தான். கையில் உப்பும் சீனியும் போட்ட தேசிக்காய்த் தண்ணீர். "வெயில் ஏறுது, குடிச்சிட்டுப் போ" என்று மட்டும் சொன்னாவாம்.

சப்பாத்து விசயத்தில் ஒரு வார்த்தை. விலை கூடியது வாங்க வேண்டியதில்லை. பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரலகலம் இடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் கறுத்துப் போகும். ஓட்ட நாளில் புதுச் சப்பாத்துப் போடவே கூடாது. இந்தத் தங்கச்சியின் சப்பாத்து டவுனில் பழைய சாமான் கடையில் வாங்கியது.

சாப்பாட்டில் நம்மிடம் இருப்பதே போதும். ரொட்டி, சோறு, மரவள்ளிக் கிழங்கு ஓடுவதற்குப் பலம். பருப்பு, பயறு, கௌபி, நெத்தலி, முட்டை தசைக்கு வேண்டும். முட்டை வீட்டில் ஒன்றே ஒன்று இருந்தால் அது யாருக்கு என்பது நம்ம வீடுகளில் எழுதாத சட்டம். ஓடுகிற அம்மாவுக்கும் கிழமையில் மூன்று முட்டை என்று இந்த வீட்டில் முடிவு எடுத்தார்கள்.

கொழும்பு வெயில்

மலையில் பழகியவர்கள் கொழும்பில் ஓடும்போது ஏமாறுகிற இடம் இதுதான். நுவரெலியாவில் ஆண்டுச் சராசரி வெப்பம் சுமார் 16 பாகை, கொழும்பில் சுமார் 27 பாகை. காற்றில் ஈரம் வேறு. வியர்வை காயாது, உடம்பு ஆறாது. அதனால் முதல் மூன்று நாலு கிலோமீற்றரை வேண்டுமென்றே மெதுவாக ஓட வேண்டும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. இரத்தத்தில் உப்புக் குறைந்து மயக்கம் வரும். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஓடுபவர்கள் உப்பும் சேர்ந்த பானத்தையும் இடையில் குடிப்பது நல்லது. நெஞ்சு வலி, குளிர் நடுக்கம், பேச்சுத் தடுமாற்றம் வந்தால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். கூட வருபவர்கள் 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

இவர்கள் இரண்டு நாள் முன்னமே ரயிலில் இறங்கி, வத்தளையில் கடையில் வேலை செய்கிற நாத்தனார் அறையில் தங்கினார்கள். பயணச் செலவுக்கு மாதர் சங்கச் சீட்டில் ஒரு தடவை முன்னுக்கு எடுத்தார்கள். ஓட்டத்தன்று காலை மூன்று மணிக்கு எழும்பி, வழக்கமாகச் சாப்பிடும் ரொட்டியும் வாழைப்பழமும்தான். புதுச் சாப்பாடு எதுவும் இல்லை.

பதினைந்தாவது கிலோமீற்றரில் இனி முடியாது என்று தோன்றியதாம். அது எல்லோருக்கும் தோன்றுகிற இடம். அந்த இடம் தெரிந்துதான் புருசனும் பிள்ளைகளும் மாமியாரும் முடிவிடத்தில் நிற்காமல் பதினாறாவது கிலோமீற்றரில் போய் நின்றார்கள். பெரிய புத்தி! முடிவிடத்தில் கைதட்ட ஆயிரம் பேர் இருப்பார்கள். மகன் அங்கேயும் வாய்ப்பாடு கேட்டானாம். "பதிமூணு பதினேழு?" பதில் பிழை. ஆனால் பதில் வந்தது.

நேரம் 2 மணித்தியாலம் 47 நிமிசம். கிலோமீற்றருக்கு எட்டு நிமிசத்துக்கும் கொஞ்சம் குறைவு. பதக்கம் எல்லோருக்கும் கொடுப்பதுதான். இப்போது அது சாமிப் படத்துப் பக்கத்தில் தொங்குகிறது. மாட்டியது மாமியார்.

திரும்பி வந்த பிறகு இரண்டு நாள் லயத்துப் படியில் பின்பக்கமாகத் திரும்பித்தான் இறங்கினா. தொடை வலி அப்படி. இது வழமையான வலி, மூன்று நாலு நாளில் போய்விடும். மெதுவாக நடப்பது நல்லது, படுத்தே கிடக்கக் கூடாது. ஒரு காலில் மட்டும் ஒரே இடத்தில் குத்துகிற வலி கிழமைக்கு மேல் இருந்தால் டொக்டரிடம் காட்ட வேண்டும். அந்த இரண்டு நாளைக்கு அவ முதலிலேயே லீவு கேட்டு வைத்திருந்தா. கடிதம் எழுதிக் கொடுத்தது நான்தான்.

இப்போது மேல் பிரிவில் இருந்து மூன்று பெண் பிள்ளைகளும் தொழிற்சாலையில் இராத்திரி வேலை செய்கிற ஒரு தம்பியும் கேட்டு வந்திருக்கிறார்கள். இராத்திரி வேலைக்காரர்கள் தூங்கி எழும்பிய பிறகுதான் ஓட வேண்டும், வேலை விட்ட கையோடு ஓடக் கூடாது என்று அந்தத் தம்பிக்குச் சொல்லியிருக்கிறேன். ஓட விரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குப் பிள்ளை மடுவத்துக்கு முன்னால் வரவும். வரும்போது வீட்டில் இருந்து ஒருவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். முதலில் அவரோடுதான் நான் பேசுவேன்.